பலகையில் மாறிய இரண்டு பெயர்கள்: லண்டனில் ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’

லண்டன் ஹேமார்க்கெட் தெருவில் இருக்கும் ஹிஸ் மெஜஸ்டிஸ் அரங்கத்தின் வாசலைத் தாண்டியதும், அன்றைய காட்சியில் யார் யார் நடிக்கிறார்கள் என்று அறிவிக்கும் பலகை ஒன்று கண்ணில் படும். டிக்கெட்டைக் காட்டிவிட்டு நேராக இருக்கையைத் தேடிப் போகிறவர்களே மிகுதி. நான் முதலில் அந்தப் பலகைக்கு முன்னால் போய் நிற்கிறவன். ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’ இசைநாடகத்தை இரண்டாம் முறையாகப் பார்க்கப் போன அன்று, முதல் முறை நான் பார்த்த இரு முதன்மை நடிகர்களின் பெயர்களும் அதில் இல்லை. நாயகன் ஃபாண்டமாகவும் நாயகி கிறிஸ்டீனாகவும் வேறு இருவர். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், முழு விலை வாங்கிக்கொண்டு மாற்றுச் சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள் என்று தம் மனைவியிடம் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பு நியாயமானதா என்பதை இரண்டு காட்சிகளையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்லலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நடிகர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மாற்று நடிகர்களுக்காகப் பரிந்து பேசுகிறவன் அவர்கள் பெயரையே சொல்லாமல் விடுவது விநோதம்தான். ஆனால் ஒரே பாத்திரத்தைப் பகிர்ந்துகொள்ளும் இருவரில் ஒருவரைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தால், மற்றவரைத் தராசில் கீழே தள்ளியதாகிவிடும்.

நாடகத்தை அறியாதவர்களுக்குச் சில செய்திகள். காஸ்டன் லெரூவின் பிரெஞ்சு நாவலை அடிப்படையாகக் கொண்டு ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்து, ஹால் பிரின்ஸ் இயக்கி, மரியா பியோர்ன்சன் அரங்கமும் உடைகளும் வடிவமைத்த இந்த நாடகம், 1986 அக்டோபர் 9 அன்று இதே அரங்கில்தான் தொடங்கியது. 1897இல் கட்டப்பட்ட இந்த அரங்கத்தின் பெயர், அரியணையில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறும். எலிசபெத் அரசியின் மறைவுக்குப் பிறகு, 2023இல் ‘ஹெர்’ என்பது ‘ஹிஸ்’ ஆயிற்று. கதை நிகழ்வது பாரிஸ் ஓபரா மாளிகையில். 1896இல் அங்கே சரவிளக்கைத் தாங்கிய எதிரெடைகளுள் ஒன்று விழுந்து ஒரு பெண் இறந்ததும், மாளிகையின் அடித்தளத்தில் உண்மையாகவே ஒரு நீர்த்தேக்கம் இருப்பதும் நாவலுக்கு விதைகளாயின. அந்த நீர்த்தேக்கம்தான் மேடையில் மெழுகுவத்திகள் எழும் ஏரியாகிறது. அந்த விபத்துதான் பார்வையாளர்களின் தலைக்கு மேல் ஆடி இறங்கும் சரவிளக்காகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது சரவிளக்கைப் பற்றியது அன்று. இந்த நாடகத்தின் கதையே ஒரு மாற்று நடிகை இல்லாததிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒத்திகையின் நடுவே திரைச்சீலை ஒன்று அறுந்து விழ, தலைமைப் பாடகி கார்லோட்டா கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார். டிக்கெட்டுகள் எல்லாம் விற்றாகிவிட்டன. அவருக்குப் பதிலாகப் பாட யாரையும் தயார் செய்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் புதிய உரிமையாளர்களுக்கு உறைக்கிறது. கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த கிறிஸ்டீன் டாயே என்ற பெண்ணை ஒரு தோழி முன்னே தள்ளிவிட, அவள் நடுங்கும் குரலில் தொடங்கிப் பாட்டின் பாதியிலேயே முழு ஓபரா உடையில் அரங்கை ஆளும் பாடகியாகிவிடுகிறாள். ஃபாண்டம் என்ற முகமூடி மனிதன் இரவெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்ததன் பயன் அது. இப்படி ஒரு கதையைக் கண் கலங்கப் பார்ப்பதற்காகப் பணம் கொடுத்து வருகிறவர்கள், வாசல் பலகையில் ஒரு பெயர் மாறியிருப்பதைக் கண்டு முகம் சுளிப்பதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

மாற்று நடிகர் என்று ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுபவர்கள் உண்மையில் பல வகையினர். அண்டர்ஸ்டடி என்பவர் அன்றாடம் ஏதோ ஒரு சிறு வேடத்தில் மேடையேறிக்கொண்டே, பெரிய வேடம் ஒன்றையும் கற்று வைத்திருப்பவர். ஸ்டாண்ட்பை என்பவருக்கு அன்றாட வேடம் இல்லை. அழைப்பு வந்தால் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் காத்திருக்க வேண்டும். ஸ்விங் என்பவர் குழுவில் இருக்கும் பலருடைய இடங்களையும் ஒருங்கே அறிந்தவர். இன்று இடப்பக்கம் மூன்றாவதாக ஆடுபவரின் இடத்தில் நிற்பார், நாளை வலப்பக்கம் ஏணியோடு வருபவரின் இடத்தில் நிற்பார். நான்காவதாக ஆல்டர்னேட் என்பவர், யாருக்கும் உடல்நலம் கெடாதபோதும் வாரத்தில் குறிப்பிட்ட சில காட்சிகளைத் தமக்கே உரியனவாகப் பெற்றவர். கிறிஸ்டீன் பாத்திரத்துக்குத் தொடக்கம் முதலே ஆல்டர்னேட் உண்டு. ஏறத்தாழ எல்லாக் காட்சிகளிலும் மேடையில் இருந்து, ஓபராக் குரலில் பாடியாக வேண்டிய ஒரு வேடத்தை வாரத்துக்கு எட்டு முறை ஒரே தொண்டை தாங்காது. 1986இல் சாரா பிரைட்மன் கிறிஸ்டீனாக அறிமுகமானபோது ஆல்டர்னேட்டாக இருந்த கிளேர் மூர், பின்னர் அந்த வேடத்தின் முதன்மை நடிகையானார். ஆகவே கிறிஸ்டீனாக ஆல்டர்னேட் பாடும் நாளில் ‘மாற்றுச் சரக்கு’ என்று முணுமுணுப்பது தகவல் பிழையும்கூட. அது அவருடைய நாள்.

இனி இரண்டு காட்சிகளையும் ஒப்பிடுகிறேன். முதல் முறை, ஒரு சனிக்கிழமை இரவில் நான் கேட்ட முதன்மைக் கிறிஸ்டீனின் குரல் குறையில்லாதது. மெருகேறிய வெள்ளிப் பாத்திரம்போல எங்கே தட்டினாலும் ஒரே சுநாதம். வார நாளில் கேட்ட ஆல்டர்னேட்டின் குரல் அவ்வளவு சீரானதன்று. கீழ் ஸ்தாயியில் சற்றே காற்று கலந்தது. முதல் பாட்டின் முதல் வரிகளில் சுதி சேர்வதற்கு ஒரு கணம் தாமதித்தது. அந்தத் தாமதம் நடிப்பா இயல்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை, பிரிக்க முடியாமல் போனதுதான் அந்தக் காட்சியின் வெற்றி. கூட்டத்திலிருந்து திடீரென்று முன்னே தள்ளப்பட்ட ஒரு பெண் முதல் வரியிலேயே தலைமைப் பாடகியைப்போலப் பாடினால் கதை அங்கேயே முடிந்துபோகிறது. இரண்டாம் பாதியில் தந்தையின் கல்லறைக்கு முன்னால் பாடும் இடத்தில், இறந்தவரிடம் விடைபெறும் வரியை அவர் பார்வையாளர்களை நோக்கிப் பாடாமல் கல்லறையை நோக்கித் திரும்பியே பாடினார். குரலின் வலிமையில் ஒரு பங்கு குறைந்தது. பாட்டின் பொருள் எனக்கு முதன்முறையாகக் கேட்டது.

ஃபாண்டமாக வந்தவர் அண்டர்ஸ்டடி. அன்றாடம் அவர் ஏற்கும் சிறு வேடத்தை வேறொருவர் ஏற்க, அந்த வேறொருவரின் இடத்தை ஒரு ஸ்விங் நிரப்பியிருந்தார் என்பதை நிகழ்ச்சி நிரலையும் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் மூவர் இடம் மாறுகிறார்கள்; முகமூடி விருந்துக் காட்சியில் படிக்கட்டு முழுவதும் நிறைந்து ஆடும் கூட்டத்தில் அந்த மாற்றத்தின் தடயத்தைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஃபாண்டம் என்ற இந்த ராஜபார்ட் வேடம் வெளியே தெரிவதைவிடக் கடினமானது: மேடையில் தோன்றும் நேரம் குறைவு, முகத்தில் பாதி முகமூடிக்குள், மீதி பாதியும் பல காட்சிகளில் நிழலில். கையாலும் குரலாலும் மட்டுமே ஒரு மனிதனை நம் முன் நிறுத்த வேண்டும். சனிக்கிழமை பார்த்த முதன்மை நடிகர் அதை ஒரு மன்னனின் தோரணையில் செய்தார். அவர் கை நீட்டினால் அரங்கமே அசைவற்று நின்றது. அண்டர்ஸ்டடியிடம் அந்த ஆணைத்தன்மை இல்லை. உரக்கப் பாட வேண்டிய இடங்களில் வாத்தியங்களின் ஓசைக்குக் கீழே ஓரிரு முறை அமிழ்ந்தும் போனார். இறுதிக் காட்சியில் கிறிஸ்டீன் முத்தமிட்டதும், என்ன செய்வதென்று அறியாமல் அவருடைய கைகள் அவள் தோளுக்கு அருகே வந்து, தொடாமல், காற்றிலேயே நின்றன. மேடைக்குறிப்பில் இருப்பதுதானா, அவரே கண்டடைந்ததா என்பதை நான் அறியேன். ஆனால் அந்தக் கைகளைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

விமரிசனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரிகை விமரிசகர்கள் ஒரு இசைநாடகத்தைப் பார்ப்பது பெரும்பாலும் தொடக்க நாளையொட்டி. அவர்கள் காண்பது முதல் நடிகர் குழுவை. அதன்பின் அந்த நாடகம் ஓராண்டு ஓடினாலும் முப்பதாண்டு ஓடினாலும் சுவரொட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த முதல் இரவின் தீர்ப்புதான். 1988 ஜனவரியில் ‘ஃபாண்டம்’ நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கில் தொடங்கியபோது, நியூயார்க் டைம்ஸின் தலைமை நாடக விமரிசகர் ஃபிராங்க் ரிச் இயக்குநரையும் ஃபாண்டமாக நடித்த மைக்கேல் க்ராஃபோர்டையும் பாராட்டிவிட்டு, இசையையும் சாரா பிரைட்மனையும் கடுமையாகவே மதிப்பிட்டார். அவர் காதில் விழுந்ததை அவர் எழுதினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரைட்மன் பாடாத காட்சிகளில் ஆல்டர்னேட்டாகப் பாட்டி கோஹெனோர் என்ற நடிகை பாடிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிகளுக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்த விமரிசனத்தின் ஒரு பகுதி பொருந்தவே பொருந்தாது. அதே தயாரிப்பு 2023 ஏப்ரல் 16 வரை, 13,981 காட்சிகள் ஓடி, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளின் உலகமான பிராட்வேயில் மிக நீண்ட காலம் ஓடிய நாடகம் என்ற இடத்தைப் பெற்றது. அத்தனை காட்சிகளில் விமரிசகர்களின் எழுத்துக்கு உட்பட்டவை எத்தனை என்று எண்ணினால் கைவிரல்கள் போதும் என்றே நினைக்கிறேன்.

விமரிசனம் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ‘லெ மிசெராப்லே’ 1985 அக்டோபரில் லண்டன் பார்பிக்கன் அரங்கில் தொடங்கியபோது விமரிசகர்களுள் பலர் அதைத் தள்ளுபடி செய்தார்கள். மக்கள் டிக்கெட் சாளரத்தில் குவிந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அது லண்டனின் வணிக அரங்கப் பகுதியான வெஸ்ட் எண்டுக்கு இடம்பெயர்ந்தது. விமரிசகர்கள் தோற்றார்கள் என்பதற்கு ரசிகர்கள் ஓயாமல் காட்டும் உதாரணம் இது. மறுபக்கமும் உண்டு. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து, லாயிட் வெப்பர் தயாரித்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002இல் லண்டனில் தொடங்கிக் கலவையான வரவேற்போடு இரண்டாண்டுகள் ஓடியது. 2004இல் நியூயார்க் போனபோது விமரிசகர்கள் முகம் திருப்பிக்கொள்ள, 284 காட்சிகளோடு முடிந்தது. நம் ஊர்க்காரர் என்ற பாசத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அதன் இசை அதைவிட நீண்ட ஆயுளுக்குத் தகுதியானது என்பது என் கருத்து. கதைதான் அதைத் தாங்கவில்லை. ஆக, விமரிசகர் சொல் சில இடங்களில் பலிக்கிறது, சில இடங்களில் பலிப்பதில்லை. எனக்கு அவர்களிடம் உள்ள குறை வேறு: மாற்று நடிகர் ஏறிய ஒரு காட்சியையாவது பார்த்துவிட்டு எழுதினால், நாடகத்தின் கட்டுமானம் எவ்வளவு உறுதியானது, எது தனி நடிகரின் மாயம் என்பது அவர்களுக்கே விளங்கும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் சரிந்து விழும் இசைநாடகங்கள் உண்டு. ‘ஃபாண்டம்’ அப்படிப்பட்டதன்று என்பதை அந்த வார நாள் எனக்குக் காட்டியது.

ரசிகர்களிடமும் ஒரு குறை உண்டு. மாற்று நடிகர் என்றாலே நட்சத்திரமாகும் கதைதான் நமக்கு வேண்டும். 1954இல் ‘தி பஜாமா கேம்’ நாடகத்தில் கேரல் ஹேனிக்குக் கால் அடிபட, அவருக்குப் பதிலாக ஏறிய ஷெர்லி மெக்லெயினை ஹாலிவுட் தயாரிப்பாளர் ஒருவர் பார்த்து அழைத்துச் சென்ற கதையை எத்தனை முறைதான் சொல்வது! அது நடந்தது உண்மை. ஆனால் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, மாற்று வேடம் என்பது தப்பித்துப் போவதற்கான வாசல் என்று மட்டுமே ஆகிவிடுகிறது. எனக்கு நெருக்கமானது வேறொரு நிகழ்வு. 2021 டிசம்பர் 23 அன்று, கொரோனா மீண்டும் நியூயார்க் அரங்குகளை அலைக்கழித்தபோது, ‘தி மியூசிக் மேன்’ நாடகத்தில் சட்டன் ஃபாஸ்டருக்குப் பதிலாக ஸ்விங்கான கேத்தி வொய்ட்கோ கதாநாயகியாக ஏறினார். தாம் ஏறப்போவது அன்று நண்பகலில்தான் அவருக்குத் தெரிந்தது. காட்சி முடிந்ததும் கதாநாயகனாக நடித்த ஹியூ ஜாக்மன் மேடையிலேயே அதைச் சொல்லி, அவரையும் மற்ற மாற்று நடிகர்களையும் முன்னே நிறுத்தி, பிராட்வேயைத் தாங்கும் அடித்தளம் இவர்கள்தான் என்று வணங்கினார். அதே நாட்களில்தான், தயாரிப்பாளர்களின் அமைப்பான பிராட்வே லீக்கின் தலைவர், காட்சிகள் ரத்தாவதற்கு முதன்மை நடிகர் அளவுக்குத் தேர்ச்சி இல்லாத மாற்று நடிகர்களும் ஒரு காரணம் என்ற பொருளில் பேசிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகளில் மாற்று நடிகர்களுக்கென்று ஒரு போட்டிப் பிரிவு இல்லாதது அந்த மன்னிப்பைவிட முக்கியமான விஷயம் என்று எனக்குப் படுகிறது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பது வாங்குகிறவருக்கு நியாயமான கேள்வி. பிராட்வேயில் பொதுவாக, நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் அச்சான நட்சத்திரம் வராவிட்டால் மட்டுமே டிக்கெட்டைத் திருப்பவோ மாற்றவோ முடியும். லண்டனில் நடிகர் மாறினால் பணம் திரும்பாது என்பதே வழக்கம். டிக்கெட்டின் விதிமுறைகளில் அது எழுதப்பட்டிருக்கும். ‘ஃபாண்டம்’ சுவரொட்டியில் இருப்பதோ ஒரு வெள்ளை முகமூடியும் ஒரு சிவப்பு ரோஜாவும். நடிகரின் முகம் அதில் இல்லை. அந்த முகமூடியை நம்பித்தான் நாம் பணம் கொடுக்கிறோம், அது என்றும் விடுப்பு எடுப்பதில்லை.

தயாரிப்பின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கொரோனாவுக்குப் பின் 2021 ஜூலையில் அரங்கு மீண்டும் திறந்தபோது, 27 பேராக இருந்த இசைக்குழு 14 பேராகக் குறைக்கப்பட்டது. கேட்காதவர்களுக்கு வேறுபாடு தெரியாது என்பார்கள். பழைய ஒலிப்பதிவைப் பல்லாண்டு கேட்டு வளர்ந்த காதுக்குத் தெரிகிறது. முன்னுரை இசையில் ஆர்கன் முழங்கும் இடத்தில் ஒன்றும் குறையவில்லை, ஆனால் மெல்லிய இடங்களில் வயலின்களின் அடர்த்தி மெலிந்திருக்கிறது. தலைப்புப் பாட்டில் அடிக்கும் மின்னணுத் தாளம் 1986ஐ விட்டு இன்னும் நகரவில்லை. இரண்டாம் பாதியில் ஃபாண்டம் எழுதிய ஓபராவின் ஒத்திகை தேவைக்கு அதிகமாக நீள்கிறது. ராவுல் என்ற காதலன் பாத்திரத்தை எந்த நடிகராலும் காப்பாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதன்மை நடிகரும் சரி, மாற்று நடிகரும் சரி, நல்ல சட்டை போட்ட நல்ல பிள்ளை என்பதற்கு மேல் செய்ய அதில் இடமில்லை. இவையெல்லாம் இருந்தும், மரியா பியோர்ன்சனின் அரங்கக் கற்பனை ஒன்றுக்காகவே இந்த நாடகத்தைப் பார்க்கலாம். இருட்டும் திரைச்சீலையும் சில மெழுகுவத்திகளும் கொண்டு அவர் ஒரு ஏரியை உண்டாக்கியிருக்கிறார். எண்ணியல் திரைகளை நிரப்பிவைக்கும் இன்றைய புதிய நாடகங்களுக்கு அந்த இருட்டின் அருமை தெரியவில்லை.

இருக்கையைப் பொறுத்தவரை, ஸ்டால்ஸ் எனப்படும் தரைத்தளத்தின் பின்வரிசைகளை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். மேல்மாடத்தின் அடிப்பகுதி தலைக்கு மேல் கூரைபோல நீண்டிருப்பதால், சரவிளக்கு உயரே இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. என்னுடைய முதல் டிக்கெட்டை ஒரு மறுவிற்பனைத் தளத்தில் வாங்கி, கட்டணத்துக்கு மேல் கட்டணம் கொடுத்து இதே பாடத்தைக் கற்றேன். ராயல் சர்க்கிள் எனப்படும் முதல் மாடத்தின் முன்வரிசைகள் விலை கூடியவை என்றாலும், சரவிளக்கு எழுவதை நேர்க்கண்ணில் பார்ப்பதற்கு அதுவே இடம். அன்றன்றைக்கு மிஞ்சிய இருக்கைகளைத் தள்ளுபடி விலையில் விற்கும் லெஸ்டர் சதுக்கத்து டிகேடிஎஸ் சாவடியும் நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது.

என் பின்னால் முணுமுணுத்தவரை இடைவேளையில் படிக்கட்டில் மீண்டும் பார்த்தேன். இன்றைக்குப் பாடும் பெண்ணின் பெயர் என்ன என்று அவர் நிகழ்ச்சி நிரல் விற்கும் இளைஞரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இளைஞர் கீழே இருக்கும் பலகையைக் காட்டினார், அவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த முறைக்கான டிக்கெட்டை எடுத்துவிட்டேன்: ராயல் சர்க்கிள், முன்னிருந்து இரண்டாம் வரிசை, கிறிஸ்டீனாக ஆல்டர்னேட் பாடும் நாள். ஃபாண்டமாக யார் வரப்போகிறார் என்பதை அன்று மாலை பலகையில் பார்த்துக்கொள்கிறேன்.